பட்டாளத்தார் வீட்டு ஜப்பான் கொடி: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருகிற குடும்பம் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் ஓர் ஊரில் இருக்கிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சரி என்றேன். இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போய்வந்தவர்கள் டெல்டாவில் நிறைய, அதனால் இப்படி ஜப்பான் கொடியோடு ஒரு டிரங்குப் பெட்டி பரணில் கிடக்கிற வீடு இது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைப்பது அதற்காகத்தான். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன், அந்தக் கொடியைப் போரிலிருந்து கொண்டுவந்த பட்டாளத்தாரின் பேரன் என் பழைய மாணவன், அந்த வழியில் நடுவில் வந்து சேர்ந்தேன்.

பின்னணி

பட்டாளத்தார் 1942இல் சேர்ந்து 1946இல் வெளியே வந்தவர். வீட்டில் இருந்தது மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர், அதுவும் குத்தகை. ஜப்பான் படை மலாயாவையும் பர்மாவையும் பிடித்து, ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டு, சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடிய வருடம் அது. போர் முடியும்போது இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள், எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள், ஆனால் அந்தத் 'தாமாக' என்பதில் மூன்று மா குத்தகை நிலத்துக்கும் மாதாமாதம் வரும் மணியார்டருக்கும் எவ்வளவு பங்கு என்று யோசிக்காமல் வீரம் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர் போனது மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படை. பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை.

இன்னொருவரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டாளத்தாரின் மனைவிக்கு ஓர் அண்ணன். போருக்கு முன்பே நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதோடு அவரைப் பற்றிய செய்தி நின்றுவிட்டது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை அது, 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் செத்த போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர், அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள், அவர்களுக்கு முழுப் பட்டியல்கூடக் கிடையாது.

பட்டாளத்தார் 1980களின் கடைசியில் காலமானார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் திருச்சியில், இளையவர் ஊர் வீட்டில், மகளை மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. எல்லோரும் அவரை அத்தை என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பெட்டி பரணில் இருந்தது. உள்ளே கொடி இருப்பது மூத்தவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும், கதையும் தெரியும்: இன்றைய நாகாலாந்தில் இருக்கிற கோகிமாவில் நடந்த சண்டையில் அப்பா ஒரு ஜப்பான் ஆபீசரைக் குத்திச் சாய்த்துவிட்டு அவன் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. ஊர்த் திருவிழாவில்கூட இந்தக் கதை மைக்கில் சொல்லப்பட்டிருக்கிறது.

பெட்டி திறந்தது

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். அந்தப் பக்கத்தில் தென்னை எவ்வளவு போனது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் வீட்டில் ஓடு பறந்து பரண் நனைந்தது, பெட்டியும் நனைந்தது. கரண்ட் இல்லாத வாரங்களில் வீட்டிலிருந்த துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக் காயப்போட்டபோது கொடியும் வெளியே வந்தது. வீட்டு மருமகள் அதைச் சோப்புப் போட்டு அலசிக் கயிற்றில் காயப்போட்டார், அப்புறம் தேய்த்து மடித்தும் வைத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சேற்றுத் தண்ணீர் குடித்த ஒரு பழைய பட்டுத் துணியை யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்: நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தின் சாயம் ஒரு பக்கமாக இளகி வெள்ளையில் ஏறிவிட்டது. எழுத்துகள் தப்பின. அது கரியும் பசையும் சேர்த்துச் செய்கிற மை, காய்ந்து பிடித்துவிட்டால் சுலபத்தில் போகாது.

பொங்கலுக்கு வந்த பேரன் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டிப் பார்த்திருக்கிறான், அது தூரிகை எழுத்தைப் பார்த்து 'நீண்ட மீன்' என்கிற மாதிரி ஏதோ உளறியது. பெட்டியை இனி யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் போனேன்.

பார்த்தவை

இரண்டே கால் அடிக்கு மூன்றடி இருக்கும், வெள்ளைப் பட்டு. இரண்டு மூலைகளில் கட்டுக்கயிறு கோக்க முக்கோணமாகத் தோல் வைத்துத் தைத்திருந்தது. வட்டத்தைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி நாற்பதுக்கு மேல் கையெழுத்துகள், மேலே பெரிதாக நான்கு எழுத்து, வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு பெயர், ஒரு மூலையில் சிவப்பு முத்திரை. ஜப்பானில் ஒரு பையன் போருக்குப் போகும்போது வீட்டார், பக்கத்து வீட்டார், பள்ளிக்கூடத்தார், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற கொடி இது, சட்டைக்குள் மடித்து வைத்துக்கொள்வான். படைப்பிரிவின் கொடி அல்ல, ஒரு தனி ஆளுடையது. பசிபிக்கிலும் பர்மாவிலும் நேச நாட்டுப் படையினர் ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டு போன ஞாபகப்பொருள் இதுதான், மடித்தால் பாக்கெட்டில் அடங்கும் என்பதும் ஒரு காரணம். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஒருவர் படத்தைப் பார்த்து மேலே இருப்பது போரில் நல்லதிர்ஷ்டம் நிலைக்கட்டும் என்ற வழக்கமான வாழ்த்து என்றார், ஓரத்துப் பெயரையும் படித்துக்கொடுத்தார், முத்திரை ஏதோ ஒரு கோயிலுடையது என்றார்.

'ரத்தக்கறை' என்று மூத்தவர் காட்டிய பழுப்பு, பெட்டியின் அடித்தகடு பட்ட இடத்தில் மட்டும் இருந்தது. துரு. 'குத்திய ஓட்டை' என்று காட்டியது மடிப்போடு மடிப்பாக எல்லா அடுக்கிலும் வரிசையாக விழுந்திருந்த பூச்சி அரிப்பு.

பெட்டியில் இன்னும் இருந்தவை: ஆறு முனையுள்ள பர்மா நட்சத்திரம், இன்னும் இரண்டு பதக்கம், டிஸ்சார்ஜ் புத்தகம், ஸ்டுடியோவில் சீருடையோடு எடுத்த ஒரு படம், மணியார்டர் ரசீதுகள். அடியில் வெடிக்காத ஒரு துப்பாக்கித் தோட்டா.

எடுத்த முடிவுகள், ஏன்

முதல் முடிவு தோட்டா. எண்பது வருடத் தோட்டா வெடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதோடு உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா கொண்டுவந்தது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. வக்கீல் ஒருவர் கடிதம் எழுதித் தர, இளையவர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்து ரசீது வாங்கினார். இதில் எந்தச் சிக்கலும் வரவில்லை. ஒரு வார்த்தை: தோட்டாவாக இல்லாமல் கையெறி குண்டோ மோர்ட்டார் குண்டோ இருந்தால் எடுத்துக்கொண்டே போகக்கூடாது, பெட்டியை அப்படியே விட்டு, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போலீசைத்தான் வரச்சொல்ல வேண்டும்.

இரண்டாவது, துணியைக் காப்பாற்றுவது. சுவடிப் பாதுகாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நண்பர் வந்து பார்த்தார். இனி தண்ணீர் காட்டக்கூடாது, இஸ்திரி போடக்கூடாது, லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பாலிதீனில் சுற்றினால் டெல்டா ஈரத்துக்கு உள்ளேயே பூஞ்சை பிடிக்கும், அந்துருண்டை துணியில் படக்கூடாது என்றார். கஞ்சி போக அலசிக் காயவைத்த காடாத் துணியை ஒரு குழாயில் சுற்றி, அதன்மேல் கொடியைச் சுருட்டி, வெளியே இன்னொரு காடா. மடித்தால் பட்டு மடிப்பிலேயே அற்றுப்போகும், அதனால் சுருட்டுவது. அதற்கு முன் நேர் வெயில் படாத வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்தோம்.

மூன்றாவது முடிவுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியம். கொடியை என்ன செய்வது என்று பேசுவதற்கு முன்னால் கொண்டுவந்தவரைப் பற்றி வீட்டில் யாருக்கு என்ன தெரியுமோ அதைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்வது. கொடி கையைவிட்டுப் போனால் அவரைப் பற்றிப் பேசச் சாக்கே இருக்காது என்று எனக்குப் பட்டது. கொடியில் பெயர் எழுதியிருக்கிறவனைத் தேடுவதற்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, அமைப்பு இருக்கிறது. பட்டாளத்தாரைத் தேட இந்த மூன்று பிள்ளைகளைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மூத்தவர் கோகிமாக் கதையை முழுசாகச் சொன்னார். இளையவர் அண்ணன் சொல்லிக் கேட்டதுதான் என்றார். அத்தை சொன்னது வேறு. "எங்கப்பா யாரையும் குத்துனதா எங்கிட்ட சொன்னதில்ல தம்பி. புது ஆத்துப் பாலத்துல போறப்பெல்லாம், கலேவாவுல நாங்க போட்ட பாலம் இத மாதிரி நிக்காது, தண்ணியில மெதக்கும்னுவாரு. கொடியப் பத்திக் கேட்டா, கெடந்துச்சு எடுத்தேன்னுவாரு. அவ்ளோதான், மேல கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய். கலேவா என்பது பர்மாவில் சிந்த்வின் ஆற்றங்கரை. 1944 டிசம்பரில் அங்கே 1154 அடி நீளத்துக்கு மிதவையில் பெய்லி பாலம், அதாவது தயாராகச் செய்துவைத்த இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுகிற பாலம், போட்டார்கள், அதுவரை உலகில் போட்ட பெய்லி பாலங்களில் நீளமானது அது. அத்தைக்கு இது எதுவும் தெரியாது, ஊர்ப்பெயரும் மிதக்கும் என்ற ஒரு சொல்லும் மட்டும் அறுபது வருடமாக அவர் மனதில் இருந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்தால் வெளிநாட்டுப் பணி 1944 அக்டோபரில்தான் ஆரம்பிக்கிறது. கோகிமாச் சண்டை அதே வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் 22இல் இம்பால் ரோடு திறந்ததோடு முடிந்துவிட்டது. பர்மா நட்சத்திரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பர்மாவுக்குள் போகாமல் அஸ்ஸாம், வங்காள எல்லையில் பணிசெய்தவர்களுக்கும் அது உண்டு.

மூத்தவருக்குக் கோபம் வந்தது. "அப்ப எங்கப்பா பொணத்துகிட்ட திருடுனாருன்னு எழுதப்போறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1929ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தமே செத்தவரிடம் இருக்கும் சொந்தப் பொருளைச் சேகரித்து எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது, ஆனால் காட்டில் பாலம் போட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு அதை யார் படித்துக் காட்டினார்கள்? வெள்ளைக்கார ஆபீசரிலிருந்து லாரி டிரைவர் வரை எடுத்தார்கள், வாங்கினார்கள், விற்றார்கள், சிகரெட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். கோப்பில் எதையும் தீர்ப்பாக எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். மூத்தவர் சொன்னது அவர் சொன்னதாக, அத்தை சொன்னது அவர் சொன்னதாக, புத்தகத்தில் இருப்பது புத்தகத்தில் இருப்பதாக, யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு. மூத்தவர் அதற்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார், ஆனால் அப்புறம் கொஞ்ச காலம் என்னிடம் பேசவில்லை.

விற்பதா, வைப்பதா, கொடுப்பதா

பழம்பொருள் வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார். கஜாவில் தோப்பே போன வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. இளையவர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வேண்டாம் என்றார், காரணம் கேட்டேன், "பேரு எழுதியிருக்கே சார்" என்றார். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று நானே சொன்னேன். பேரன்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நின்றான். பர்மாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஜப்பான் படையினர் செத்தார்கள், பலருக்கு எலும்பு கூட ஊர் போகவில்லை, வீட்டுக்கு வந்த பெட்டிக்குள் ஒரு கல்லோ பெயர் எழுதிய காகிதமோதான் இருந்தது, அந்த வீடுகளுக்கு இந்தக் கொடி ஆள் வந்து சேர்ந்த மாதிரி என்று படித்துவிட்டு வந்திருந்தான்.

அத்தை அதற்கு உடனே சரி சொல்லவில்லை. "எனக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சுக்க வேண்டிய தாய்மாமன். அவர லாரியில ஏத்திக்கிட்டுப் போனவன் இன்னைக்கு வரைக்கும் ஒரு சேதி அனுப்பல. நாம மட்டும் துணிய மடிச்சு அனுப்பணுமா?" கூடத்தில் யாரும் பதில் பேசவில்லை. கொடிக்குரியவன் ரயில்பாதைப் பக்கமே போயிருக்க மாட்டான் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது அந்த ஒருத்தனைப் பற்றி இல்லை. ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: கொடியோடு போகிற கடிதத்தில் மாமா பெயரும் ஊரும் சயாமுக்குப் போனதும் எழுதியிருக்க வேண்டும். இதுபோக, செத்தவன் துணியை வீட்டில் வைத்திருந்ததால்தான் தோப்பு போச்சு என்று ஒரு பேச்சும் ஊரில் ஓடியது, அதை யாரும் காரணமாக எழுதக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

தொடர்ந்து நடந்தவை

இப்படிப்பட்ட பொருட்களை ஏற்று உறவினரைத் தேடும் வேலையை ஜப்பானின் சுகாதார, தொழிலாளர், நல அமைச்சகம் செய்கிறது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் அஸ்டோரியாவில் 2009இல் ஆரம்பித்த ஒபான் சொசைட்டி என்ற அமைப்பும் செய்கிறது, நூற்றுக்கணக்கான கொடிகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஒரு வழியில், முதலில் படங்களை மட்டும் அனுப்பினோம். பொருளை முதலிலேயே அனுப்பாமல் இருந்தது நல்லது, ஏனென்றால் அடுத்து கொரோனா வந்து எல்லாம் நின்றது.

அந்த இடைவெளியில் சட்டம் பார்த்தோம். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு வருடம் தாண்டினால்தான் தொல்பொருள், ஆனால் வரலாற்று மதிப்புள்ள சுவடி, ஆவணம் என்றால் 75 வருடமே போதும். கொடி முழுக்க எழுத்து, அதனால் யாராவது ஆவணம் என்று சொன்னால் வெளிநாட்டுக்கு அனுப்புவது சிக்கல். தொல்லியல் துறையில் எழுத்தில் கேட்டு, தடையில்லை என்று வாங்கிய பிறகுதான் அடுத்த அடி வைத்தோம்.

பதில் வந்தபோது கொடியில் இருந்த கோயில் முத்திரையை வைத்து மாவட்டத்தையும், பெயரை வைத்து வீட்டையும் கண்டுபிடித்திருந்தார்கள். தங்கை மகன் ஒருவர் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறவர், வாங்கிக்கொள்ளச் சம்மதம். அவருடைய மாமா, அதாவது கொடிக்குரியவர், 1945 மார்ச்சில் பர்மாவில் இறந்ததாகக் குடும்பப் பதிவில் இருக்கிறது. மெய்க்டிலாவிலும் மாண்டலேயிலும் சண்டை நடந்த மாதம் அது, மாண்டலே கோட்டை 20ஆம் தேதி விழுந்தது. சிந்த்வினைத் தாண்டி ஐராவதிப் பக்கம் போன படையோடு பட்டாளத்தாரும் அப்போது போயிருக்கலாம் என்பதற்கு மேல் இதிலிருந்து நான் எதையும் கட்ட மாட்டேன், இறந்த தேதியே பல நேரம் அலுவலகத்தில் குத்துமதிப்பாகப் போட்டதுதான்.

பேரன் சென்னைக்குக் கொண்டுபோய் நேரில் ஒப்படைத்தான். கூடவே இரண்டு பக்கக் கடிதம், பட்டாளத்தாரின் சீருடைப் படத்தின் பிரதி, தாய்மாமனைப் பற்றிய பத்தி, மூன்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. போவதற்கு முன் தஞ்சாவூரில் கொடியின் படத்தை அதே அளவில் துணியில் அச்சடித்து வாங்கினோம், சாயம் இளகிய இடம் உட்பட.

சில மாதங்களில் அங்கிருந்து கடிதம் வந்தது. கொடியை வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நிற்கிற படம், கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் தன் தாத்தா என்று அடையாளம் தெரிந்ததாக ஒரு வரி, பட்டாளத்தார் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. மூத்தவர் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், அப்புறம் பதக்கங்களுக்குச் சட்டம் போடுகிற செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார்.

மாற வேண்டியவை

பெட்டியைத் திறந்த அன்றைக்கே, துவைப்பதற்கு முன், யாராவது ஒரு படம் எடுத்திருந்தால் மடிப்பு எப்படி இருந்தது, எதோடு எது சேர்ந்து இருந்தது என்பது தெரிந்திருக்கும். புயலுக்கு நனைந்த பழைய பட்டு, காகிதம் எதுவானாலும் நிழலில் காற்றாட விரித்துவைப்பது போதும், சோப்பு வேண்டாம்.

பட்டாளத்தாரின் மனைவி கணவருக்குப் பின் இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். உலகப்போர் வீரரின் விதவை என்று அரசு தருகிற உதவித்தொகைக்காக முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோது படைஎண், கம்பெனி எல்லாம் அவர் வாயால் சொல்லி யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளின் நகல் வீட்டில் இல்லை. அடுத்த வீட்டில் இதைச் செய்வதானால் கொடியைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மாதிரித் தாள்களைத் தேடச் சொல்வேன், வயதான பெண்களிடம் முதலில் பேசச் சொல்வேன். ஆண்கள் மைக்கில் சொன்ன கதையைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

கடிதத்தில் இரண்டு விஷயத்தை ஒன்றாக எழுதியதும் யோசிக்க வேண்டியது. அங்கிருந்து வந்த பதிலில் தாய்மாமனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அத்தை கேட்ட முதல் கேள்வியே அதுதான். மொழிபெயர்த்தவரிடம் மறுபடி கேட்டுவிட்டு, இல்லை என்றேன். தன் மாமாவின் கொடியைக் கையில் வாங்கிய ஒரு முதியவர் அந்தச் சமயத்தில் இன்னொருவருடைய மாமாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அத்தையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதைய நிலை

அச்சடித்த துணி இளையவர் வீட்டுக் கூடத்தில், பதக்கங்கள் பக்கத்தில். பதிவுகளின் பிரதி மூன்று பிள்ளைகளிடமும் இருக்கிறது. திருவிழாவில் கோகிமாக் கதை இன்னும் சொல்லப்படுகிறது, மூத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார், மறுப்பதும் இல்லை. தாய்மாமனைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் அத்தை சொல்லச் சொல்லப் பேரன் எழுதிவிட்டான், மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்பது இன்னும் முடிவாகவில்லை.